நம்மாழ்வார் படிக்கிற அமெரிக்கச் சாமியார் பிரான்சிஸ் க்ளூனி: இவரைப் பத்தி யாருக்காவது தெரியுமா?

அரைகுறை வாசகன்:

மக்களே ஒரு டவுட். நம்மாழ்வார் பாடின திருவாய்மொழி பத்தி இங்கிலீஷ்ல என்னென்ன வந்திருக்குனு தேடப் போனா எங்க திரும்பினாலும் ஒரே பேரு வந்து நிக்குது, பிரான்சிஸ் எக்ஸ். க்ளூனி. யாரோ தமிழ் படிச்ச அமெரிக்க ப்ரொஃபசர்னு நெனச்சு உள்ள போனா பேருக்குப் பின்னாடி எஸ்.ஜே.னு போட்டிருக்கு, அதாவது சேசு சபைச் சாமியார். பூசை வைக்கிறவர், பிரசங்கம் பண்றவர், அதே ஆள் திருவாய்மொழிக்கு நம்பிள்ளை சொன்ன ஈடு உரை படிக்கிறார், வைணவ ஆசார்யர் வேதாந்த தேசிகர் நூல்கள் படிக்கிறார், எட்டெழுத்து மந்திரம் உட்பட வைணவத்தோட மூணு மந்திரத்துக்கு கிறிஸ்தவ உரைனு ஒரு புத்தகமே போட்டிருக்கார். எனக்கு தலையும் புரியல வாலும் புரியல.

இவர் பண்றதுக்கு கம்பேரிட்டிவ் தியாலஜினு பேராம், ஒப்பீட்டு இறையியல். இது யுனிவர்சிட்டில சொல்லித் தர்ற மத ஒப்பீடு மாதிரியா, இல்ல வேற ஏதாவதா? எல்லா மதமும் ஒண்ணுதான்னு சொல்ற டைப்பா? அப்படின்னா கத்தோலிக்கச் சபை எப்படி இவரை சும்மா விட்டுச்சு? இல்ல வேற உள்நோக்கம் ஏதாவது இருக்கா, நேராவே கேக்குறேன் தப்பா எடுத்துக்காதீங்க. ஆள் எப்படி இந்தப் பக்கம் வந்தார்ங்கிற கதை தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவா சொன்னா நல்லாருக்கும். விக்கில இருக்கிற ரெண்டு பாராவை இங்க ஒட்டாதீங்க ப்ளீஸ், அது நானே படிச்சுட்டேன்.

---

பழைய பேப்பர்:

நல்ல கேள்வி. இவரோட புத்தகங்கள் நாலஞ்சு படிச்சிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே போகும், பொறுத்துக்கோங்க.

1950ல நியூயார்க் ப்ரூக்ளின்ல பிறந்தவர். 1968ல, பள்ளி முடிச்ச கையோட, சேசு சபைல சேர்ந்துட்டார். அந்த வருஷத்தை கவனிங்க. இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிஞ்சு மூணே வருஷம். 1965 அக்டோபர்ல வந்த அறிக்கைல, மத்த மதங்கள்ல உண்மையும் புனிதமுமா இருக்கிற எதையும் சபை ஒதுக்கறதில்லனு எழுதி கையெழுத்து போட்டாச்சு, ஆனா அதை வச்சுக்கிட்டு என்ன பண்றதுனு யாருக்கும் பிடிபடாத நேரம். அந்த நேரத்துல உள்ள வந்த தலைமுறை இவரோடது.

சேசு சபைல பயிற்சிக்கு நடுவுல ரெண்டு மூணு வருஷம் எங்கயாவது வேலைக்கு அனுப்புவாங்க. இவர் போனது காத்மாண்டு, சேவியர் பள்ளிக்கூடம், 1973ல இருந்து 75 வரைக்கும் வாத்தியார் வேலை. பசங்க எல்லாம் இந்துவும் பௌத்தமும். நேபாளத்துல அப்போ ஒருத்தரை மதம் மாத்துறது சட்டப்படி குத்தம், அதனால வகுப்புல பைபிள் பாடம் எடுக்கிற பேச்சே இல்ல. ஒழுக்கம், நல்லது கெட்டது பத்தி பசங்க கிட்ட பேசணும்னா அவங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச கீதை, புத்தர் கதைகள்ல இருந்துதான் பேச முடியும், அதுக்கு முதல்ல வாத்தியார் அதையெல்லாம் படிச்சாகணும். இவர் வாழ்க்கைல நடந்த எல்லாத்துக்கும் விதை அங்கதான்னு அவரே பல இடத்துல சொல்லிருக்கார். சொல்லிக் கொடுக்கப் போன ஆள் படிக்க உக்காந்துட்டார், அவ்ளோதான் விஷயம்.

1978ல குருப்பட்டம். அப்புறம் சிகாகோ யுனிவர்சிட்டி, தெற்காசிய மொழிகள் துறை, 1984ல பிஹெச்டி. கவிஞர் ஏ.கே. ராமானுஜன் அங்க இருந்த காலம் அது, ராமானுஜன் பண்ணின நம்மாழ்வார் மொழிபெயர்ப்பு 1981ல வந்துச்சு. ஆனா க்ளூனி ஆய்வுக்கு எடுத்தது ஆழ்வார் இல்ல, வேதச் சடங்குகளை ஆராயற பூர்வ மீமாம்சை, அதோட மூல நூலான ஜைமினி சூத்திரம். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். மீமாம்சைல கடவுளுக்குப் பெருசா வேலை கிடையாது, யாகம் ஒழுங்கா நடக்கணும், வாக்கியத்துக்கு சரியான பொருள் எடுக்கணும், அங்கயே கதை முடிஞ்சுது. ஒரு பாதிரியார் பக்தியை விட்டுட்டு போயும் போயும் இதை ஏன் எடுத்தார்னு தோணும், ஆனா தினமும் சடங்கோட வாழ்றவனுக்குத்தான் சடங்கைப் பத்தி இவ்வளவு தீவிரமா யோசிச்ச ஆளுங்களோட அருமை தெரியும்னு நான் நெனக்கிறேன். அந்த ஆய்வுக்காக எண்பதுகளோட ஆரம்பத்துல மெட்ராஸ்ல தங்கி பண்டிதர்கள் கிட்ட உக்காந்து படிச்சார். வரிக்கு வரி நிறுத்தி, உரையோட சேர்த்து, வேகமே இல்லாம படிக்கிற நம்மூர் முறை அவருக்குள்ள ஏறினது அப்போதான்.

அதுக்கப்புறம் பாஸ்டன் காலேஜ்ல 1984ல இருந்து 2005 வரை, 2005ல ஹார்வர்டு டிவினிட்டி ஸ்கூலுக்கு வந்தார். அங்க உலக மதங்கள் ஆய்வு மையத்துக்கு 2010 முதல் 2017 வரை டைரக்டரா இருந்தார். 2010ல பிரிட்டிஷ் அகாடமி ஃபெலோ. 2022-23ல அமெரிக்கக் கத்தோலிக்க இறையியலாளர் சங்கத்துக்குத் தலைவர், அதனால சபை ஒதுக்கி வச்ச ஆள்னு யாரும் நெனக்க வேண்டாம்.

இப்ப உங்க மெயின் கேள்வி. மத ஒப்பீடு பண்றவர் தன்னோட நம்பிக்கையை வெளிய கழட்டி வச்சுட்டு ரெண்டையும் தூரத்துல இருந்து பாக்கணும், குறைஞ்சபட்சம் அப்படி பாக்குறதா காட்டிக்கணும். ஒப்பீட்டு இறையியல்ல கழட்ட வேணாம். நான் கத்தோலிக்கன், கடவுளைப் பத்தி இன்னும் புரிஞ்சுக்கணும், அதுக்கு தேசிகர் என்ன சொல்றார்னு கேக்கப் போறேன், கேட்டுட்டு வந்து என் பைபிளையும் என் ஜெபத்தையும் மறுபடி பாக்குறேன். இதுதான் அவர் பண்றது. எல்லாம் ஒண்ணுனும் சொல்ல மாட்டார், இது மேல அது கீழனும் சொல்ல மாட்டார். இடைக்காலக் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸையும் அத்வைத பிரம்ம சூத்திர உரைகளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு 1993ல ஒரு புத்தகம், நம்மாழ்வாரும் உரைகாரர்களும் 1996ல, அப்புறம் பிரான்சிஸ் சலேசியார்ங்கிற கத்தோலிக்கப் புனிதரும் தேசிகரும் 2008ல. கடைசில என்னய்யா முடிவுனு தேடினா கிடைக்காது, எனக்கே சில சமயம் கடுப்பாயிருக்கு. முன்னூறு பக்கம் கூட்டிட்டுப் போயிட்டு, இப்ப நீங்களே ரெண்டையும் படிங்கன்னு விட்டுட்டுப் போயிடுவார்.

---

குருகூரான்:

மேல எழுதினவர் நல்லா எழுதிருக்கார், மறுக்கல. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் யாராவது சொல்லணும் இல்லையா.

எங்க அகத்துல தாத்தா, அவர் அப்பா எல்லாம் முறையா ஆசார்யன் கிட்ட நூல்களைக் காலக்ஷேபமா கேட்டவா. ரஹஸ்யத்ரயம்னு பேரே எதுக்கு வந்தது? திருமந்திரம்ங்கற அந்த எட்டெழுத்து, த்வயம், கீதைல வர்ற சரம ஸ்லோகம் மூணும் பஞ்ச ஸம்ஸ்காரம்ங்கற வைஷ்ணவ தீக்ஷை ஆகி ஆசார்யன் திருவடில உக்காந்து காதால கேக்க வேண்டியது. லைப்ரரில எடுத்துப் படிக்கிற சமாச்சாரம் இல்ல. உடனே யாராவது ராமானுஜர் திருக்கோஷ்டியூர் கோபுரத்துல ஏறி ரகசிய மந்திரத்தை எல்லாருக்கும் சொன்னாரேனு வருவேள், தெரியும், அவர் கூவிக் கொடுத்தது ஆசை உடையோர்க்கெல்லாம், ஆசைனா அந்த வழில போகணும்ங்கற ஆசை. பக்கத்துல நின்னு நோட்ஸ் எடுக்கற ஆசை இல்ல.

அதை விட பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. சரம ஸ்லோகத்துல பகவான் என்ன சொல்றான், மாம் ஏகம் சரணம் வ்ரஜ, என் ஒருத்தனையே சரணடைனு சொல்றான். அந்த ஏகம்ங்கற இடத்துல தேசிகர் எவ்வளவு நேரம் நிக்கறார்! அதைப் படிச்சு ரசிச்சு உரையும் எழுதிட்டு, எழுந்து போய் வேற தெய்வத்துக்கு ஆராதனை பண்ணினா அது படிப்பா, இல்ல அந்த ஸ்லோகத்தை காதுல வாங்கவே இல்லைனு அர்த்தமா? எனக்குக் கோபம் எல்லாம் இல்ல. மனுஷன் ரொம்ப மரியாதையாத்தான் எழுதறார், நம்மாத்துப் பசங்களை விட ஈடு நன்னா தெரியும், ஒத்துக்கறேன். ஆனா மரியாதையா எடுத்துண்டு போனாலும் எடுத்துண்டு போறதுதானே. நம்ம சரக்கை உள்ள வாங்கி ஜீரணம் பண்ணி அவா சரக்கா வெளிய விடறானு அமெரிக்காவுல இருக்கற எழுத்தாளர் ராஜீவ் மல்ஹோத்ரா போன்றவா வருஷக்கணக்கா சொல்லிண்டு இருக்கா. அவர் சொல்ற எல்லாத்தையும் ஏத்துக்க மாட்டேன், அந்த பயத்துல ஒரு நியாயம் இருக்குனு மட்டும் சொல்றேன். தத்துவ போதக சாமினு ஒருத்தர் மதுரைக்கு காவி கட்டிண்டு வந்தாரே, அந்தக் கதை நமக்கு மறந்து போகல.

---

மாதா கோவில் தெரு:

குருகூரான் ஐயா தத்துவ போதகரை இழுத்துட்டாரு, அதனால நான் வர்றேன். குருமடத்துல கொஞ்ச காலம் இருந்துட்டு வெளிய வந்தவன், இந்தப் பேச்செல்லாம் அங்க நிறைய ஓடும்.

தத்துவ போதகர்னு பேரு வச்சுகிட்ட இத்தாலிய சேசு சபைச் சாமியார் நொபிலி 1606ல மதுரைக்கு வந்தாரு, காவி, பூணூல், சைவச் சாப்பாடு, தமிழும் சமஸ்கிருதமும் படிச்சாரு, எல்லாம் வாஸ்தவம். எதுக்குப் படிச்சாருன்னா மனம் திருப்பத்தான், அதுல ஒளிவு மறைவே கிடையாது. அவரு கூட இருந்த சாமியாரே அவரு மேல புகார் எழுதி, அது ரோம் வரைக்கும் போயி, 1623ல பாப்பரசர் பதினஞ்சாம் கிரகோரி, சரி அந்த வழக்கமெல்லாம் இருக்கட்டும்னு சொன்ன பிறகுதான் மூச்சு விட்டாரு. கடைசில 1656ல மயிலாப்பூர்ல செத்துப் போனாரு. இப்ப க்ளூனி சாமி இந்தக் கதையை மறைக்கிறாரான்னா இல்ல. நொபிலி எழுதின மூணு நூலை சென்னை சத்திய நிலையத்துல இருந்த ஆனந்த் அமலதாஸ் சாமியும் இவரும் சேர்ந்துதான் இங்கிலீஷ்ல கொண்டு வந்தாங்க, 2000த்துல. அவரோட பழைய சபைக்காரங்க எங்கெங்க நல்லாப் படிச்சாங்க, எங்க சண்டை போடுறதுக்குன்னே படிச்சாங்கன்னு அவரே தனியா எழுதியும் இருக்காரு. தாத்தா சொத்தும் வேணும், தாத்தா பட்ட கடனும் என்னோடதுதான்னு சொல்ற பேரன் மாதிரி.

சபை எப்படி விட்டுச்சுன்னு கேட்டீங்க. நியாயமான கேள்வி, ஏன்னா எல்லாரையும் விடல. ஜாக் துப்வினு பெல்ஜியத்துக்காரரு, அவரும் சேசு சபைதான், 1948ல இந்தியா வந்து முப்பத்தாறு வருஷம் இங்கயே பாடம் எடுத்தவரு, அப்புறம் ரோம்ல கிரகோரியன் யுனிவர்சிட்டி. மத்த மதங்களுக்கு கடவுளோட திட்டத்துல என்ன இடம்னு 1997ல பெரிய புத்தகம் போட்டாரு, மறு வருஷமே ரோம்ல விசாரணை, 2001ல அந்தப் புத்தகத்துல குழப்பம் வர்ற இடம் இருக்குன்னு அறிக்கை. மனுஷன் நொந்து போயி 2004ல இறந்துட்டாரு. க்ளூனிக்கு ஏன் அப்படி ஆகலைன்னா, நான் புரிஞ்சுகிட்ட வரைக்கும், அவரு அந்தக் கேள்விக்கே போகல. இந்துக்களுக்கு ரட்சிப்பு உண்டா, எந்த வழியாவுன்னு தியரி எழுதினாத்தான ரோம் பேனா எடுக்கும்? இவரு ஒரு பாசுரத்தை எடுத்து, அதோட உரையை எடுத்து, பக்கத்துல நம்ம நூல் ஒண்ணை வச்சு வரி வரியா படிக்கிறாரு. இதுல எந்த வரியைப் பிடிச்சு தப்புன்னு சொல்லுவாங்க? சாமர்த்தியம்னு சொல்றவங்களும் இருக்காங்க. எனக்கு அது சாமர்த்தியமா தெரியல, அந்தாளோட சுபாவமே அப்படித்தான் தெரியுது.

குளித்தலை பக்கம் சாந்திவனம் ஆசிரமம் கேள்விப்பட்டிருப்பீங்க, 1950ல பிரான்ஸ் நாட்டுச் சாமியாருங்க மோன்ஷானினும் அபிஷிக்தானந்தாவும் ஆரம்பிச்சது, அப்புறம் 1968ல இருந்து பீட் கிரிஃபித்ஸ். அவங்கள்லாம் காவி கட்டி, தரையில உக்காந்து, தியானத்துல போயி ரெண்டையும் ஒண்ணாக்கப் பார்த்தவங்க. ரைமோன் பணிக்கர் இன்னொரு ரகம், பிறப்பே ரெண்டு பக்கமும், அப்பா மலபார் இந்து, அம்மா ஸ்பெயின் கத்தோலிக்கு, கிறிஸ்தவனா கிளம்பினேன், இந்துன்னு கண்டுகிட்டேன், பௌத்தனா திரும்பினேன், ஆனா கிறிஸ்தவனா இல்லாம போகவே இல்லன்னு சொன்ன ஆளு. க்ளூனி இவங்க யாரு மாதிரியும் இல்ல. பேன்ட் சட்டை, மேசை, நாற்காலி, அகராதி. பாஸ்டன் பக்கத்துல ஒரு பங்குல போயி பூசை வச்சுட்டு வருவாரு, அங்க சாதாரண சனங்களுக்கு பிரசங்கம். மத்தவங்களை விட இவரு கம்மிதான்னு சொல்றவன் சொல்லட்டும், எனக்கு இந்த ரகம்தான் பிடிச்சிருக்கு, வேஷம் இல்லாததால.

நம்ம ஆளுங்களுக்கு ஒரு சேதி, 2005ல தாயார் பத்தி ஒரு புத்தகம் எழுதினாரு. ஒரு பக்கம் சௌந்தர்யலஹரி, பராசர பட்டரோட ஸ்ரீகுணரத்ன கோசம், அபிராமி அந்தாதி. இன்னொரு பக்கம் மாதா மேல பாடின கிரேக்கப் பாட்டு ஒண்ணு, லத்தீன் பாட்டு ஒண்ணு, மூணாவதா மாதரசம்மன் அந்தாதி! பத்தொன்பதாம் நூற்றாண்டுல மயிலாப்பூர் மாதா மேல பாடின தமிழ் அந்தாதி. நம்ம பங்குல எத்தனை பேருக்கு அப்படி ஒரு நூல் இருக்கறதே தெரியும்? அமெரிக்காக்காரர் வந்து எடுத்துக் காட்ட வேண்டியிருக்கு.

---

அரைகுறை வாசகன்:

அய்யோ இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. குருகூரான் சார் கேட்ட ஏகம் கேள்வி எனக்கும் உறுத்துது. இன்னொண்ணு, 2024ல வந்த அவரோட சுயசரிதைக்கு தலைப்புலயே இந்து, கத்தோலிக்கர், குரு, அறிஞர்னு நாலும் வருது, கூடவே ஒரு காதல் கதைனு வேற போட்டிருக்கார். கழட்ட மாட்டேன் கத்தோலிக்கன்தான்னு சொல்றவர் எதுக்கு தலைப்புல இந்துனு போடணும்? பேப்பர் அண்ணா, இதுக்கு என்ன சொல்றீங்க?

---

பறையொலி:

எல்லாரும் ஐயங்கார் வீட்டுத் திண்ணைலயே உக்காந்து பேசிட்டு இருக்கீங்க, கொஞ்சம் எங்க தெருப்பக்கமும் வாங்க.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்க சனத்துல பெரும்பகுதி யாரு? தலித்துங்க. எங்க தாத்தா பாட்டிங்க சர்ச்சுக்கு வந்ததே அந்தக் கோவில் கதவுக்கு வெளிய நின்னு நின்னு கால் வலிச்சதாலதான். வந்த பிறகு சர்ச்சுலயும் தனி இடம், தனி கல்லறை, அது வேற கதை. இப்ப ஹார்வர்டுல உக்காந்து இந்து மதம்னா சமஸ்கிருதமும், தமிழும் அதுவும் கலந்த மணிப்பிரவாளமும், கிறிஸ்தவம்னா அக்வினாஸும் சலேசியாரும், ரெண்டு பக்கமும் மேல்தட்டுப் புத்தகங்களை வச்சு ஒப்பிட்டா நாங்க அதுல எங்க இருக்கோம்? எங்களுக்கு எழுத்தே மறுக்கப்பட்டுது, அப்போ எழுத்தை மட்டும் படிக்கிற இறையியல்ல எங்க சாமி வராது. முனியும் வராது, ஆடிவர்ற எல்லையம்மாளும் வராது. 1981லயே இறையியலாளர் அரவிந்த் நிர்மல் பெங்களூர்ல இதைத்தான் கேட்டார், இந்திய கிறிஸ்தவ இறையியல்னா எதுக்கு எப்பவும் பிராமண மரபோட மட்டும் பேசுறீங்கனு. தலித் இறையியல் கிளம்பினதே அந்தக் கேள்வில இருந்துதான். நொபிலி பூணூல் போட்ட காலத்துல இருந்து இதே கதை.

க்ளூனியை கெட்டவர்னு சொல்லல. அவர் அவருக்குத் தெரிஞ்சதை நேர்மையா பண்றார். ஆனா அவர் வழியைப் பிடிச்சு வேற இடத்துக்குப் போனவங்களும் இருக்காங்க, அவங்களைப் பத்தியும் பேசுங்க. ஜோஷுவா சாமுவேல்னு தமிழ் தலித் இறையியலாளர், 2020ல ஒரு புத்தகம், தலித் சனங்க மேல சாமி இறங்குறதையும் கிறிஸ்தவத்துல ஆவி இறங்குறதையும் ஒப்பிட்டு. அதுவும் ஒப்பீட்டு இறையியல்தான், ஆனா அங்க படிக்க வேண்டியது ஓலைச்சுவடி இல்ல, உடம்பு. எனக்கு நம்மாழ்வார் உரையை விட அது நூறு மடங்கு உயிரா தெரிஞ்சுது.

---

பழைய பேப்பர்:

பறையொலி சொன்னது இந்தத் துறை மேல வர்ற விமர்சனத்துலயே கனமானது, அதை எதிர்த்து வாதாட எனக்கு எதுவும் இல்ல. க்ளூனியும் நான் படிக்கிறது ஒரு சின்ன மூலைதான், அந்த மூலைக்குத்தான் நான் பயிற்சி எடுத்தேன்னு சொல்லுவார், ஆனா அந்த மூலைக்கு ஹார்வர்டு மேடை கிடைச்சா அதுவே முழு வீடு மாதிரி தெரிய ஆரம்பிச்சிடும், அது அவர் கையில இல்லாத விஷயம்னாலும் உண்மை. ஒரே ஒரு சின்ன குறிப்பு மட்டும், நம்மாழ்வாரே வேளாளர் குலம், பிராமண ஆசார்யர்கள் அவர் பாட்டை திராவிட வேதம்னு தலைல வச்சுகிட்டதுல ஏற்கனவே ஒரு கலகம் இருக்கு. இதை வச்சு மத்த கதவு எல்லாம் திறந்திருந்துச்சுனு சொல்ல வரல.

குருகூரான் சாருக்கு. நீங்க சொன்ன ஜீரணம் பயம் புரியுது. ஆனா எடுத்துண்டு போறது ஒரு பக்கமாத்தான் நடந்துச்சுனு சொல்ல முடியாது. ராம்மோகன் ராய் 1820ல ஏசுவோட போதனைகளை மட்டும் தனியா பிரிச்சு, அற்புதம் கிற்புதம் எல்லாம் வெட்டிட்டு ஒரு நூல் போட்டார், செராம்பூர் மிஷனரிங்க கொதிச்சுப் போனாங்க. விவேகானந்தர் கிறிஸ்துவைப் பின்பற்றுதல் பத்தின பழைய துறவி நூல்ல கொஞ்சப் பகுதியை வங்காளில மொழிபெயர்த்தார். ராமகிருஷ்ண மடத்து பிரபவானந்தர் மலைப்பிரசங்கத்துக்கு வேதாந்த உரையே எழுதினார், 1963ல. அங்க எல்லாம் நம்ம ஆள் அவங்க நூலை நம்ம பார்வைல படிச்சார், யாரும் அதுக்காக ஞானஸ்நானம் வாங்கல. க்ளூனியும் தன்னோட மந்திர உரைக்கு கிறிஸ்தவ உரைனு அட்டைலயே எழுதித்தான் போட்டார், நான் சரணாகதி பண்ணின ப்ரபந்நன்னு எங்கயும் சொல்லல. அப்புறம் இன்னொரு விஷயம், 2001ல வந்த இந்துக் கடவுள், கிறிஸ்தவக் கடவுள் பத்தின புத்தகத்துல கடைசி அத்தியாயத்தை அவர் எழுதல. பரிமல் பாட்டீல்ங்கிற அறிஞர் கிட்ட கொடுத்து, இந்து தரப்புல இருந்து பதில் எழுதுங்கனு விட்டுட்டார், அவரும் தாட்சண்யம் பாக்காம எழுதினார். ஜீரணம் பண்ண நெனக்கிறவன் தட்டுல இருக்கிறதை பேச விடுவானா?

ஏகம் விஷயத்துக்கு என் கிட்ட பதில் இல்ல, ஆனா அவர் எழுதின ஒரு இடம் உங்களுக்குப் படிக்கக் கொடுக்கணும்னு தோணுது. சென்னைக்குத் தெக்க ஒரு லட்சுமி கோவிலுக்குப் போனப்போ, தாயார் முன்னாடி நின்னு அவளைப் பாத்து, அவ தன்னைப் பாக்குறதையும் உணர்ந்து, இந்த இடத்துல இப்ப கும்பிடவும் முடியும்ங்கிற நிலை தனக்கு வந்துச்சுனு எழுதுறார். கும்பிடல. கிறிஸ்தவனுக்கு அதுக்கு வழியும் இல்ல, சொல்லும் இல்ல. ஆனா வெறும் டூரிஸ்டா திரும்பி வரவும் முடியல. நீங்க காதுல வாங்கவே இல்லையானு கேட்டீங்களே சார், காதுல வாங்கினதாலதான் அந்த நிலைல மாட்டிகிட்டார்னு நான் படிக்கிறேன். கேக்காதவனுக்கு கும்பிடலாமா வேணாமாங்கிற கேள்வியே வராது.

வாசகன் தம்பி கேட்ட தலைப்பு விஷயம் இதோட சேர்ந்ததுதான். அம்பது வருஷம் ஒரு நூல் மரபோட உக்காந்தா அது உள்ள போயிடும், ஜெபம் பண்ணும்போது கூட ஆழ்வார் வரி வந்து நிக்கும். அதை இல்லைனு சொன்னா பொய், நான் மதம் மாறிட்டேன்னு சொன்னாலும் பொய். ரெண்டு பொய்யும் சொல்லாம இருக்கத்தான் அந்தத் தலைப்புனு நெனக்கிறேன். காதல் கதைங்கிறது கொஞ்சம் ஓவர்தான், பதிப்பகத்துக்காரன் வேலையா இருந்தாலும் இருக்கும்.

---

குருகூரான்:

லட்சுமி கோவில் சமாச்சாரம் எனக்குத் தெரியாது, சொன்னதுக்கு தேங்க்ஸ். யோசிக்க வைக்கறது. ஆனாலும் என் கட்சி மாறலை, ஏகம்னா ஏகம்தான். தாயார் முன்னாடி கும்பிடாம நின்னதைப் படிச்சப்போ எனக்கு அவர் மேல மரியாதை ஒரு படி ஏறினது என்னமோ வாஸ்தவம், ஏன்னா போற போக்குல ஒரு கும்பிடு போட்டுட்டு வர்ற செக்யூலர் ஆசாமிகளை விட, எனக்கு ஒரு சாமிதான்னு நிக்கறவனைத்தான் நேக்குப் புரியும். சண்டை போடறதுன்னாலும் அவனோடதான் போட முடியும்.

---

மாதா கோவில் தெரு:

அப்படிச் சொல்லுங்க ஐயா, இது நியாயமான பேச்சு. எங்க பங்குச்சாமியும் உங்களை மாதிரிதான் சொல்லுவாரு, அவரு சரம ஸ்லோகத்துக்குப் பதிலா, வேற தெய்வம் கூடாதுங்கிற பைபிளோட முதல் கட்டளையை எடுத்துப் போடுவாரு, அவ்ளோதான் வித்தியாசம்.

வாசகன் தம்பிக்கு, எதுல ஆரம்பிக்கிறதுன்னு நீங்க கேக்கல, ஆனா கேப்பீங்க. அவரோட தியரி புத்தகத்துல ஆரம்பிக்காதீங்க, தூக்கம் வந்துரும். 2013ல, கடவுள் ஒளிஞ்சுக்கிறதைப் பத்தி, திருவாய்மொழியையும் இனிமைமிகு பாடலையும் சேர்த்து வச்சு ஒண்ணு எழுதினாரு, பழைய பைபிள் வச்சிருந்தா உன்னதப்பாட்டுன்னு இருக்கும். அதைத் திறக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு மூலத்தையும் நீங்களே படிச்சிருங்க. திருவாய்மொழில முதல் பத்து நாலாம் பதிகம், அஞ்சிறைய மடநாராய்னு தொடங்குறது, தலைவி நாரையையும் குயிலையும் தூது போகச் சொல்லிக் கெஞ்சுவா. பாட்டுல அஞ்சாம் அதிகாரம், அவ கதவைத் திறக்கறதுக்குள்ள அவரு போயிருப்பாரு, ராத்திரில தெருத்தெருவாத் தேடி, காவக்காரங்க கிட்ட அடி வாங்கி, கடைசில எருசலேம் பொண்ணுங்க கிட்ட, அவரைப் பாத்தா நான் காதல் நோயில கிடக்கேன்னு சொல்லுங்கன்னு சொல்லி விடுவா. அவளுக்கு தூது போக ஒரு நாரை கூட கிடைக்கல பாருங்க.

---

அரைகுறை வாசகன்:

கேக்கத்தான் இருந்தேன் 😄 திருவாய்மொழி கைல இருக்கு, பைபிளுக்கு பக்கத்து வீட்டு அக்கா கிட்ட கேக்கணும். பறையொலி, நீங்க சொன்ன ஜோஷுவா சாமுவேல் புத்தகத்தையும் லிஸ்ட்ல சேர்த்துட்டேன். அது தமிழ்ல வந்திருக்கா, இல்ல இங்கிலீஷ் மட்டும்தானா?

---

பறையொலி:

நான் படிச்சது இங்கிலீஷ். மொழிநடை கஷ்டம்தான், முதல்ல சாமி இறங்குறதைப் பத்தின பகுதிக்கு நேராப் போயிடுங்க, முன்னாடி இருக்கிற சித்தாந்தத்தை அப்புறம் பாத்துக்கலாம். படிச்சுட்டு தனி இழை ஒண்ணு போடுங்க, இங்க ஏற்கனவே ஆழ்வார் கூட்டம் ஜாஸ்தி.